இலவசக் கல்வி தந்த கன்னங்கரா

மலையகத்தில் ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றோர் நன்றியுடனும், சிறிது மனத்தாங்கலுடனும் நினைவுகூரும் பெயர் ஒன்றுண்டு. அது சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா என்பதாகும்.

1884-ஆம் ஆண்டு அம்பலாங்கொடைக்கு அண்மையிற் பிறந்த அவருக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியின் வாயிலைத் திறந்தது புலமைப் பரிசிலே. கணிதம் கற்பித்து, பின் சட்டத்தரணியாகி, 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக விளங்கினார். பரிசில் கிட்டாத பிள்ளையின் கதி யாது என்ற கேள்வி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை போலும்.

1942-இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றியது. அங்குப் பயின்றோர் கட்டணம் செலுத்தினர். பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாதல் வேண்டுமென, அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943-இல் விதந்துரைத்தது. கட்டணம் வாங்கிய கல்லூரிகளின் தலைவர் பலர் வெகுண்டனர். மந்திரியோ அரசாங்க சபையில் வாதாடி வென்றார். 1945 ஒக்டோபர் முதலாந் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இலவசம் என்றதும் செலவு ஒழிந்துவிடுமா? மாணவர் கொடுத்ததைத் திறைசேரி கொடுக்க வேண்டியதாயிற்று. அத்திறைசேரிக்குப் பணம் வந்த வழியைத் தேடிச் சென்றால், அது நம் மலைச்சரிவுகளிற் கொண்டுவந்து விடும். அந்நாளில் அரசாங்க வருமானத்திற் பெரும்பங்கு தீர்வைகளால் வந்தது. ஏற்றுமதியில் முதலிடமோ தேயிலைக்கு. கொட்டகலையில் கூடை சுமந்தவள் கிள்ளிய கொழுந்து, தீர்வை செலுத்திய பின்னரே கப்பலேறியது. பேராதனையில் எழுந்த மண்டபங்களில் அவள் உழைப்பின் காசும் உண்டு. அவள் பிள்ளைக்குத்தான் அங்கு இடமில்லை.

தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பில் இருந்தன. பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சர்வகலாசாலைக் கதவு திறந்தே கிடந்தது. அதற்கு ஏறும் படிகள் இங்கில்லை. இக்குறை முழுவதையும் கன்னங்கராவின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. 1947 தேர்தலில் தோற்ற அவர், மறு ஆண்டு நம்மவரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது பாராளுமன்றத்திலேயே இல்லை. ஆயினும், பதினாறாண்டு மந்திரியாக இருந்தவர் இப்பக்கம் சற்றே திரும்பியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

தமக்கென்று அவர் பொருள் சேர்த்தாரல்லர். முதுமையில் அரசாங்கம் உதவிப் பணம் அளிக்க நேர்ந்தது. 1969 செப்டெம்பர் 23-இல் காலமானார். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களில். கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது அதற்கும் பின்னர். என்னிடம் படித்த சிலர் இன்று கட்டணமின்றிப் பேராதனையிற் பயில்கின்றனர். அவர்களின் தாய்மார் இன்னும் கொழுந்து கிள்ளுகின்றனர்.