இத்சிங்கின் வாழ்வும் வழக்கப் பதிவுகளும்: ஒரு மீள்பார்வை

முன்னுரை

இந்தியா வந்த சீனத் துறவியருள் பாகியான், யுவான் சுவாங் ஆகியோரை அடுத்து எண்ணப்படுபவர் இத்சிங். தமிழக வரலாற்றாய்வில் அவர் பெயர் பெரும்பாலும் நாகப்பட்டினத்திற்குரிய சான்றாகவே இடம்பெறுகிறது. நாள்வழக்குச் சொல்லையும் வழக்கத்தையும் ஒப்பிட்டு எழுதிய பதிவாளராக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணமும் மொழிக்கல்வியும்

கி.பி. 635இல் பிறந்த இத்சிங் ஏழாம் அகவையில் மடம் புகுந்தார். 671இல், உடன்வர இசைந்தோர் பின்வாங்கியபோதும், இளஞ்சீடர் ஒருவருடன் குவாங்சௌ துறையில் பாரசீகக் கப்பல் ஏறினார். ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர்க் கடாரம் வழியாக 673இல் தாமிரலிப்தியை அடைந்தார். நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கற்றபின் மீண்டும் ஸ்ரீவிசயம் சேர்ந்தார். அங்கிருந்து 692இல் தம் நூல்களைச் சீனாவுக்கு அனுப்பினார். 695இல் ஏறத்தாழ 400 சுவடிகளுடன் லோயாங் திரும்பியபோது பேரரசி ஊ அவரை நேரில் எதிர்கொண்டார். மொழிபெயர்ப்புப் பணியில் எஞ்சிய காலத்தைக் கழித்து 713இல் மறைந்தார்.

வழக்கங்களின் ஒப்பீடு

தென்கடல் நாடுகளிலிருந்து அவர் அனுப்பிய நூல் 40 இயல்களில் துறவியரின் நாள்வாழ்வை விரிக்கிறது. இந்தியர் வலக்கையால் உண்பதையும், உணவுக்குச் சீனரே குச்சிகளைப் பயன்படுத்துவதையும் அது பதிவு செய்கிறது. மூலவிதிகள் குச்சிகளை விலக்கவுமில்லை, விதிக்கவுமில்லை என்பதால் அவற்றைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால், பெற்றோர் இறந்தால் துறவியரும் சணலாடை உடுத்தி, கோலூன்றித் துக்கம் காக்கும் சீன வழக்கத்தை மறுத்தார். பிறநாட்டு வழக்கத்தைப் போற்றியவர் தம் நாட்டு வழக்கம் அனைத்தையும் தள்ளவில்லை. விதியோடு பொருந்துமா என்பதே அவர் அளவுகோல்.

வரவேற்புச் சொல்

இந்திய மடங்களில் புதிதாக வருவோரை ‘சுவாகத’ என்று எதிர்கொள்ளும் முறையையும், வந்தவர் ‘சுசுவாகத’ என மறுமொழி கூறும் கடப்பாட்டையும் இத்சிங் குறித்துள்ளார். முதற்சொல்லுக்கு அவர் தந்த சீனப் பெயர்ப்பு ‘ஷான்லாய்’. ஷான் என்பது நன்மை, லாய் என்பது வருதல். தமிழின் ‘நல்வரவு’ இதே அமைப்பினது. எனினும் இவ்வொப்புமை ஒன்று கொண்டே கடன்பேற்றை நிறுவ இயலாது. வானம், நிலம், ஞாயிறு, திங்கள் எனத் தொடங்கும் வடமொழி–சீனச் சொற்றொகுதி ஒன்றும் அவர் பெயரில் வழங்குகிறது.

சான்றின் எல்லை

இத்சிங் தமிழகத்தில் கால் பதித்தவர் அல்லர். கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்திற்கு முப்பது நாள் கடற்பயணம் என்னும் செய்தி, ஊசிங் என்னும் சீனத் துறவியின் வரலாற்றில் அவர் எழுதியது. ஆகவே நாளந்தா முதலிய இடங்களில் அவர் கண்ட வழக்கங்களைத் தமிழர் வழக்கமாகக் கொள்வது பிழை.

முடிவுரை

சொல்லை அது வழங்கும் சூழலிலிருந்து பிரிக்காமல், யார் யாரிடம் எப்போது கூறுவர் என்பதோடு சேர்த்தெழுதியதே இத்சிங்கின் தனிச்சிறப்பு. கல்வராயன் மலைவாழ் மக்களின் பேச்சு வழக்கையும் சடங்குகளையும் தொகுக்கும் கள ஆய்வாளர்க்கும் இம்முறை பயன்தரும். சொற்பட்டியல் மட்டும் எஞ்சினால் பொருள் எஞ்சும், வழக்கு மறைந்துவிடும்.