மாயூரம் வேதநாயகம் பிள்ளை

காவிரித் தென்கரைத் தலங்களுள் சிறந்து விளங்குவது மாயூரம். 1982 முதல் மயிலாடுதுறை என்னும் பழம்பெயராலேயே வழங்கப்பெறுவது. 19ஆம் நூற்றாண்டில் அந்நகரின் நகர்மன்றத் தலைமையை ஏற்றிருந்த பெரியோர்களுள் ஒருவர் வேதநாயகம் பிள்ளையவர்கள். அவர் கத்தோலிக்க சமயத்தினர். சிவாலயக் குடமுழுக்கு மலரில் அவர் வரலாற்றுக்கு இடமேது என ஐயுறுவார் உளராயின், அவர்கள் சற்றுப் பொறுத்துப் படிப்பாராக.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாய்த் தோன்றினார். வேளாண்மையால் வாழ்ந்த சிற்றூர்க் குடும்பம் அது. முதற்கல்வி தந்தையாரிடமே அமைந்தது. பின்னர்த் திருச்சியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராய பிள்ளையை அடைந்து ஆங்கிலமும் தமிழும் கற்றார். 1848இல் நீதிமன்றப் பதிவேடுகளைக் காக்கும் சிறுபணி வாய்த்தது. இரண்டாண்டில் மொழிபெயர்ப்பாளரானார், 1857இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார்.

பதவி உயர்ந்தபோதும் வழக்காடுவோரின் துயரை அவர் மறந்திலர். தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பு யாதென்று தானே படித்தறிய இயலாமல் எளிய உழவன் பிறரை அண்டி நின்ற காலம் அது. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். அதன் பெயரைக் கண்டு சைவ சாத்திரமென மயங்கற்க. தமிழ் வழங்கும் நாட்டில் நீதிமன்றம் தமிழிலேயே நடைபெறல் வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் அதனை நகைச்சுவையோடு நாட்டியிருக்கிறார். தமிழில் முதல் புதினம் எனப் போற்றப்பெறுவது அந்நூல்.

சீகாழியில் முன்சீபாயிருந்த நாளில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அத்தலத்து இறைவர்மீது சீகாழிக்கோவை இயற்றினார்கள். பிற சமயத்தவராகிய வேதநாயகர் அதனை உவந்து கேட்டுச் சிறப்புப் பாடல்கள் பாடியளித்தார். மகாவித்துவான் அவர்மீது குளத்துக்கோவை பாடியது அந்நட்பின் பெருக்கே. சிவபெருமானைப் பாடிய நாவால் ஒரு கிறிஸ்தவரையும் பாடுவதில் அம்மகான் குறையொன்றும் கண்டிலர். நாம் காண்பது எங்ஙனம்?

மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீபாக விளங்கி ஓய்வுற்றபின்னும் அவர் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. நகர்மன்றத் தலைமை அவரை வந்தடைந்தது அதன் பின்னரேயாம்.

தாது ஆண்டில் பெரும்பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்திலும் அயல்நாடுகளிலும் மாண்டோர் பல இலட்சம். ஊர்தோறும் எலும்புந் தோலுமாய் மக்கள் அலைந்தனர். பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைப் பசித்தோர்க்கு வழங்கினார். அவருடைய கொடையை வியந்து, நந்தன் சரித்திரக் கீர்த்தனை செய்த கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார்.

அப்பஞ்சத்தில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவராயிருந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் ஏழைகளுக்கு அன்னமளித்தார்கள். அதனைக் கண்டு உருகிய வேதநாயகர் தேசிகரைப் பல செய்யுட்களால் புகழ்ந்தார். புலவர்கள் பரிசில் கருதிப் பாடுவதுண்டு. இவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சைவ மடத்தில் பெற வேண்டியதொன்றும் இல்லாதவர். ஊர் மக்களின் வயிறு நிறைந்தது என்னும் நன்றியே அச்செய்யுட்களுக்கு வித்து.

சருவ சமய சமரசக் கீர்த்தனை என்னும் அவரது இசைநூலில், எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை நினைந்து பாடத்தக்க பாடல்கள் உள்ளன. அவற்றுட் சில இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன.

1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேசிகர் சிவபரிபூரணம் எய்தினார்கள். மறு ஆண்டு, 1889 ஜூலை 21ஆம் நாள், வேதநாயகரும் உலகு நீத்தார்.