சுப்பாராவும் ஏழையின் நோயும்



உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரசின் அளவு காணும்போதெல்லாம் பிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரைக் கையேட்டில் காண்கிறேன். அந்தச் சுப்பாராவ் யார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்கென்று ஊர்விட்டு வந்த நாம் அவசியம் கேட்க வேண்டும்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்தமையால் வெள்ளைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

ஸ்ப்ரூ என்னும் நாட்பட்ட குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அவரையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். வீட்டில் கண்ட சாவே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

1920களின் தொடக்கத்தில், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் தந்த பொருளுதவியோடு கப்பலேறி, ஹார்வர்டில் சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை. பேராசிரியர் பிஸ்கேயோடு சேர்ந்து 1925இல் பாஸ்பரஸ் முறையை வகுத்தார். 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார். 1929இல், ஜெர்மனியில் லோமன் தனியே கண்டது போலவே, ஏ.டி.பி.யையும் கண்டார். இருந்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் தலைமையில் 1945இல் போலிக் அமிலம் செயற்கை முறையில் ஆக்கப்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று! அதைச் சற்றே மாற்றிச் செய்த அமினோப்டெரினைக் கொண்டு டாக்டர் சிட்னி பார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் தணித்துக் காட்டினார். அவ்வினத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது. 1947இல் யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் வந்தது. சாக்கடை ஓரத்தில் குடியிருக்கும் ஏழையைத் தேடிப் பிடிக்கும் நோய் அது. நம் நாட்டில் அந்நோய் பரவிய மாவட்டங்களில் வீடு வீடாகத் தரும் மாத்திரைகளில் அம்மருந்தும் ஒன்று.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், அமெரிக்காவிலேயே மறைந்தார். மனைவியை விட்டுக் கப்பலேறியவர் நாடு திரும்பவே இல்லை.

நண்பர்களே, செல்வரின் நோயை ஆராயப் பலர் உண்டு. ஏழையின் நோயை ஆராய, பெரும்பாலும் அதை வீட்டில் கண்டவரே வரவேண்டியிருக்கிறது. அவரோ கையில் காசின்றி, மொழி அறியாமல், பரிந்து பேச ஆளின்றி வருகிறார். முதல் ஓரிரண்டு ஆண்டுகளில்தான் அவர் நிலைப்பதும் திரும்பிப் போவதும் முடிவாகிறது. அறநிலையம் அன்று கைவிரித்திருந்தால் சுப்பாராவும் கப்பலேறியிருக்க மாட்டார்.

இங்கும் ஆய்வு உதவித்தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகின்றன. விடுதிக் கட்டணமோ காத்திருப்பதில்லை. ஆகவே, புதிதாக வரும் ஆய்வு மாணவருக்கு வட்டியில்லாமல் கடன் தரும் சிறு நிதியொன்றை நம் சங்கம் தொடங்க வேண்டும். மூத்தவர் ஒவ்வொருவரும் புதியவர் ஒருவருக்கு வழிகாட்ட வேண்டும். பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன். என் பங்கை இம்மாதமே செலுத்தச் சித்தமாக இருக்கிறேன்.