கோவா இன்குவிசிஷன்: சத்தியத்தை மீறி எழுதிய டாக்டர் டெல்லோன் யார்?

பழைய கோவாவைப் பற்றி இணையத்தில் தேடியிருந்தால், இந்தப் படங்கள் உங்க கண்ணில் பட்டிருக்கும். தீச்சுடர் வரைந்த அங்கி, ஊர்வலமாகப் போகும் கைதிகள், நீதிபதிகளின் மேஜை முன் ஒற்றை ஆள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. இவற்றுக்குப் பின்னால் இருப்பவர் சார்ல் டெல்லோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

என்ன குற்றம்?

1668-ல் கப்பல் ஏறி கிழக்கே வந்தவர், போர்ச்சுகீசியர் வசமிருந்த டாமனில் வைத்தியம் பார்த்தார். கத்தோலிக்கர்தான். ஆனால் ஞானஸ்நானம், சிலுவை பற்றியெல்லாம் வெளிப்படையாக விவாதிப்பார். காணிக்கைப் பெட்டியில் இருந்த மாதா படத்தை முத்தமிடவும் மறுத்தார். 1673-ல் கைதானார். ஆளுநரின் பொறாமையும் ஒரு காரணம் என்று கடைசிவரை நம்பினார்.

உள்ளே என்ன நடந்தது?

1674 ஜனவரியில் கோவா சிறை. குற்றச்சாட்டு என்னன்னு சொல்ல மாட்டார்கள். கைதியே யூகித்து ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தம் போட்டு அழுதால்கூட அடி. டெல்லோன் பலமுறை தற்கொலைக்கு முயன்றார்.

1676 ஜனவரி 12-ல் பொதுவெளியில் தண்டனை வாசிக்கப்பட்டது. சொத்து பறிமுதல், இந்தியாவிலிருந்து நாடு கடத்தல், போர்ச்சுகலில் 5 ஆண்டு கட்டாய உழைப்பு. உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினார்கள். 1677-ல் விடுதலையானவர், பத்து ஆண்டுகள் கழித்து அதை மீறினார். 1687-ல் நூல் வெளியானது.

படங்களை எப்படிப் பார்ப்பது?

அங்கியில் சுடர் மேல்நோக்கி இருந்தால், அந்தக் கைதி எரிக்கப்படுவார். தலைகீழாக இருந்தால், கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு உயிர் தப்பியவர். இந்த விவரம் டெல்லோன் தந்தது. ஆனால் படங்கள் நூலின் ஆரம்பப் பதிப்புகளுக்காக ஐரோப்பாவில் தயாரானவை. சம்பவ இடத்தில் வரைந்தவை அல்ல. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வந்தால், இதை நினைவில் வையுங்க.

அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. 1560-ல் தொடங்கிய இந்த மன்றம் 1812-ல் ஒழிக்கப்பட்டது. பழைய வழக்கங்களைக் கைவிடவில்லை என்ற சந்தேகத்தில் சிக்கிய, மதம் மாறிய இந்தியர்கள் ஏராளம். வழக்கு ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. சிறை இருந்த கட்டடமும் இன்று இல்லை. அந்தக் கைதிகளில் பெரும்பாலோருக்கு எழுதிவைக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. டெல்லோனுக்குக் கிடைத்தது. அதனால்தான் 300 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சிறையின் உட்புறம் பற்றி நமக்குக் கொஞ்சமாவது தெரிகிறது.