வனத்து அந்தோனியார்

வனத்து அந்தோனியார் (ஏறத்தாழ கி. பி. 251 – 356) எகிப்து நாட்டில் வாழ்ந்த கிறித்தவத் துறவி ஆவார். பாலைநிலத் துறவிகளின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 13ஆம் நூற்றாண்டில் இறந்த பதுவை அந்தோனியார் வேறொருவர். இவருக்கு முன்னரும் எகிப்தில் துறவிகள் இருந்தனர். எனினும், பாவத்திற்கு இழுக்கும் சோதனைகளை விழிப்பினாலும் செபத்தினாலும் எதிர்கொண்ட முறைக்கு இவரே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறார். இவரைப் பற்றி அறியக்கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் இவர் இறந்த சில ஆண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்று நூலிலிருந்து பெறப்பட்டதாகும்.

இளமை

கோமா என்னும் சிற்றூரில், வசதி படைத்த கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஏறத்தாழ 18 அல்லது 20 வயதில் பெற்றோரை இழந்தார். இளைய தங்கையும், 300 அரூரா (சுமார் 200 ஏக்கர்) விளைநிலமும் அவர் பொறுப்பில் வந்தன. ஆறு மாதங்கள் கழிவதற்குள் ஒருநாள் கோயிலில் மத்தேயு நற்செய்தி வாசிக்கப்பட்டது. உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு செல்வந்தனான இளைஞன் ஒருவனுக்கு இயேசு கூறும் பகுதி அது. அதைத் தமக்கே கூறப்பட்டதாக ஏற்றுக்கொண்ட அந்தோனியார், நிலத்தை ஊராருக்கு அளித்தார்; பிற பொருள்களை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தார். தங்கையைக் கன்னியர் குழு ஒன்றின் பராமரிப்பில் விட்டுவிட்டு, ஊருக்கு அருகிலேயே தவவாழ்வைத் தொடங்கினார்.

முதல் சோதனைகள்

அந்தோனியாரின் சோதனை என்றவுடன் கொடிய விலங்குகளும் பேய்களும் சூழ்ந்து தாக்கும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஓவியர்களான போஷ், குரூனவால்ட் ஆகியோர் தீட்டியவை இத்தகையனவே. ஆனால் அத்தனாசியார் தரும் பட்டியல் வேறு விதமாகத் தொடங்குகிறது. விட்டு வந்த சொத்தின் நினைவு, தங்கையைப் பற்றிய கவலை, உறவினர் பாசம், உணவின் சுவை, உடலின் வலுவின்மை, இந்த வாழ்வு எத்தனை நெடியது என்ற மலைப்பு ஆகியனவே முதலில் வந்தன. காம எண்ணங்கள் அதன் பின்னரே வருகின்றன. தங்கையைப் பற்றிய கவலை தன்னளவில் தீயதன்று. அதுவே அச்சோதனையின் வலிமையும் ஆகும்.

இவற்றுக்கு எதிராக அந்தோனியார் மேற்கொண்டவை எளியவை. இரவுகளைப் பெரும்பாலும் விழித்திருந்து செபத்தில் கழித்தார். நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு மறைந்த பின், அப்பமும் உப்பும் நீரும் உட்கொண்டார். கடந்த நாள்களின் தவத்தைக் கணக்கில் கொள்ளாமல், ஒவ்வொரு நாளையும் அன்றுதான் தொடங்குவதாகக் கருதினார்.

கல்லறையும் கோட்டையும்

பின்னர் ஊருக்கு வெளியே ஒரு கல்லறைக்குள் தங்கினார். அங்குப் பேய்களால் தாக்கப்பட்டு உணர்வற்றுக் கிடந்த அவரை ஊர்க் கோயிலுக்குத் தூக்கிச் சென்றனர் என்றும், நள்ளிரவில் கண் விழித்தவுடன் மீண்டும் கல்லறைக்கே கொண்டுபோய் விடுமாறு நண்பரிடம் வேண்டினார் என்றும் அந்நூல் கூறுகிறது. போராட்டத்தின் முடிவில் ஒளியொன்று தோன்றியபோது, தொடக்கத்திலேயே ஏன் வரவில்லை என்று இறைவனிடம் கேட்டார். இறைவன் முதலிலிருந்தே அங்கிருந்து அவரது போராட்டத்தைக் கண்டுகொண்டிருந்தார் என்பதே கிடைத்த விடையாகும்.

ஏறத்தாழ 285இல், தம் 35ஆம் வயதில், நைல் ஆற்றுக்கு அப்பால் பிஸ்பிர் என்னுமிடத்தில் பாழடைந்த கோட்டை ஒன்றில் புகுந்து 20 ஆண்டுகள் தனித்திருந்தார். 305 அளவில் வெளியே வந்தபோது, அவரது உடல் தளரவும் இல்லை, பருக்கவும் இல்லை என்பது காண வந்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது.

போதனை

அதன் பின் அவரைச் சுற்றித் துறவிகள் பலர் குடியேறினர். மனத்தில் எழும் ஒன்றை உடனே நம்பாமல், அது யார், எங்கிருந்து வருகிறது என வினவ வேண்டும் என அவர்களுக்குக் கற்பித்தார். நல்லது உள்ளத்தில் அமைதியையும் மகிழ்ச்சியையும் விட்டுச் செல்லும். தீயது கலக்கத்தையும் சோர்வையும் விட்டுச் செல்லும் என்பது அவர் தந்த அளவுகோல். மற்றொரு வழிமுறையும் உண்டு. தம் செயல்களையும் எண்ணங்களையும், பிறரிடம் அறிவிக்கப் போவதைப் போல, ஒவ்வொருவரும் எழுதி வைக்க வேண்டும் என்றார். பிறர் காண்பார் என்ற நாணமே காவலாக அமையும் என்பது இதன் கருத்து.

பாலைநிலத் துறவிகளின் மொழிகளைத் தொகுத்த நூலில் காணப்படும் கதை ஒன்றில், சோர்வுற்றுச் செபிக்க இயலாமல் தவித்த அந்தோனியார், தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து பேரீச்ச ஓலை பின்னுவதையும், இடையே எழுந்து செபிப்பதையும், மீண்டும் வேலைக்கு அமர்வதையும் காண்கிறார். கைத்தொழிலும் செபமும் மாறிமாறி வரும் இந்த ஒழுங்கு எகிப்தியத் துறவிகளின் வழக்கமாகியது.

புகழ்

311இல் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அலெக்சாந்திரியா சென்று, சிறையிலும் சுரங்கங்களிலும் இருந்தோருக்குத் துணைநின்றார். பின்னர் கூட்டம் பெருகவே, செருக்குக்கு இடமாகும் என அஞ்சிச் செங்கடலுக்கு அண்மையிலுள்ள மலைக்குச் சென்றார். பேரரசர் கான்ஸ்டன்டைன் மடல் எழுதியபோது, அரசர் எழுதியதில் வியப்பில்லை என்று கூறி மறுமொழி எழுதத் தயங்கினார். உடனிருந்த துறவிகள் வற்புறுத்திய பின்னரே எழுதினார். 338இல் ஆரியுசின் கொள்கையை எதிர்க்க மீண்டும் ஒருமுறை நகருக்கு வந்தார்.

ஆய்வாளர் கருத்து

அத்தனாசியார் அந்தோனியாரைக் கல்லாதவராகக் காட்டுகிறார். ஆயினும் அந்தோனியார் பெயரில் ஏழு மடல்கள் கிடைத்துள்ளன. இவை உண்மையானவை என்றும், ஒரிஜெனின் சிந்தனையை அறிந்த ஒருவரின் எழுத்து என்றும் சுவீடன் நாட்டு அறிஞர் சாமுவேல் ரூபன்சன் 1990இல் வாதிட்டார். இதனை அனைவரும் ஏற்கவில்லை. முதல் மடல் உடலில் எழும் தூண்டுதல்களை மூவகையாகப் பிரிக்கிறது: இயல்பாக எழுவன, மிகையான உணவினாலும் குடியினாலும் எழுவன, தீய ஆவிகளால் எழுவன. எல்லாத் தூண்டுதலையும் பேயின் மேல் சுமத்தாத இப்பகுப்பு குறிப்பிடத்தக்கது.

மறைவும் நினைவும்

356இல், 105ஆம் வயதில் இறந்தார். தம் உடல் போற்றுதலுக்குரிய பொருளாகிவிடக் கூடாது என்பதற்காக, இரு சீடர்கள் மட்டுமே அறிந்த இடத்தில் அடக்கம் செய்யுமாறு பணித்திருந்தார்.

அத்தனாசியாரின் நூல் விரைவில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 386இல் மிலான் நகரில் இவரது வரலாற்றைக் கேட்டது, அகுஸ்தீன் மனம் மாறியதற்குரிய உடனடித் தூண்டுதல்களுள் ஒன்றாயிற்று. இவரது திருநாள் சனவரி 17 ஆகும். பொங்கலை ஒட்டி வருவதால், தமிழ்நாட்டில் இவர் பெயரிலுள்ள சில கோயில்களில் பொங்கலிடுவதும் கால்நடைகளை மந்திரித்தலும் இத்திருநாளோடு இணைந்துள்ளன.