ரிதுபர்ணோ கோஷ்

ரிதுபர்ணோ கோஷ் (ஆகஸ்டு 31, 1963 – மே 30, 2013) வங்காள மொழித் திரைப்பட இயக்குனரும் நடிகரும் எழுத்தாளரும் ஆவார். 1990களில் வங்காளத் திரைப்படத்தின் மறுமலர்ச்சிக்குக் காரணமானவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். தமது தன்பாலீர்ப்பை மறைக்காது வாழ்ந்த மிகச் சில இந்தியத் திரைக்கலைஞர்களுள் ஒருவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே நடிகராகப் பரவலாக அறியப்பட்டார். அந்நடிப்பு வாழ்க்கை மூன்று ஆண்டுகளே நீடித்தது.

இளமையும் விளம்பரத் துறையும்

கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுனில் கோஷ் ஓவியரும் ஆவணப்பட இயக்குனரும் ஆவார். சவுத் பாயின்ட் பள்ளியிலும், பின்னர் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் பயின்றார். 1980களில் ரெஸ்பான்ஸ் என்னும் விளம்பர நிறுவனத்தில் விளம்பர வாசகங்கள் எழுதும் பணியில் சேர்ந்தார். போரோலின் களிம்புக்கு அவர் எழுதிய வங்காள வாசகங்கள் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவை. ஆங்கில வாசகங்களை மொழிபெயர்த்து ஒப்பேற்றும் வழக்கம் இருந்த காலத்தில், வங்காளத்திலேயே சிந்தித்து எழுதியது அவரது தனிச்சிறப்பு.

இயக்குனராக

முதற்படம் 1992இல் எடுத்த ஹீரேர் ஆங்டி என்னும் சிறுவர் படம். இரண்டாவது படமான உனிஷே ஏப்ரில் (1994) சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நாட்டியக் கலைஞரான தாய்க்கும் மருத்துவரான மகளுக்கும் இடையிலான பிணக்கே அதன் கதை. சத்யஜித் ராய் 1992இல் மறைந்திருந்தார். படித்த நடுத்தரக் குடும்பங்கள் வங்காளத் திரையரங்குகளைக் கைவிட்டிருந்தன. அக்குடும்பங்களை மீண்டும் திரையரங்குக்கு அழைத்து வந்தவர் ரிதுபர்ணோ என்பர். பிற்காலத்தில் அவரிடமிருந்து விலகியதும் இதே பார்வையாளர்களுள் ஒரு பகுதியினரே என்பதால் இச்செய்தி முக்கியமானது.

தஹன் (1997), உத்சப் (2000), சோகேர் பாலி (2003), ரெயின்கோட் (2004), தி லாஸ்ட் லியர் (2007) ஆகியன அவரது பிற குறிப்பிடத்தக்க படங்கள். இருவர், ஜீன்ஸ் ஆகிய படங்களால் தமிழர்க்கு அறிமுகமான ஐசுவர்யா ராய், சோகேர் பாலியிலும் ரெயின்கோட்டிலும் நடித்துள்ளார். உத்சப், அபொஹோமான் (2009) ஆகிய படங்களுக்காக ரிதுபர்ணோ சிறந்த இயக்குனருக்கான தேசிய விருது பெற்றார். ஆனந்தலோக் என்னும் திரை இதழுக்கும், பின்னர் சங்பாத் பிரதிதின் நாளிதழின் ஞாயிறு இணைப்பான ரோப்பாருக்கும் ஆசிரியராகவும் இருந்தார்.

வெளிப்படையாக வாழ்தல்

ரிதுபர்ணோ ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அறிக்கையின் வாயிலாகத் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார் எனக் கூற இயலாது. 2000களின் நடுப்பகுதி முதல் அவரது தோற்றம் படிப்படியாக மாறியது. கண்மை, காதணி, தலைப்பாகை, நீண்ட மேலாடை எனப் பொது நிகழ்ச்சிகளுக்கு வரலானார். நேர்காணல்களிலும் பத்திகளிலும் தமது பாலீர்ப்பைப் பற்றித் தயக்கமின்றிப் பேசினார். ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் தம்மை அடக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. வங்காள மொழியின் படர்க்கைப் பெயர்கள் பால் காட்டாதவை. தமிழின் 'அவர்' என்பதைப் போன்று அவருக்கு அது பொருந்தி வந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அப்போது முழுமையாக நடைமுறையில் இருந்தது. எனினும் அவரை வருத்தியது சட்டத்தைக் காட்டிலும் ஏளனமே. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அவரது குரலும் நடையும் கையசைவும் போலச்செய்யப்பட்டன. தாம் நடத்திய உரையாடல் நிகழ்ச்சிக்கு அத்தகைய கலைஞர் ஒருவரை அழைத்து, அந்தக் கேலி தம்மைப் போன்று வாழும் பெயரறியா மனிதர்களை எவ்வாறு புண்படுத்துகிறது என்று நேருக்கு நேர் கேட்டார். பெரிதும் பேசப்பட்ட நிகழ்ச்சி அது.

நடிகராக

2003இல் ஓர் ஒடியாப் படத்தில் நடித்திருந்தாலும், கவுசிக் கங்குலி இயக்கிய ஆரேக்டி பிரேமேர் கொல்போ (2010) படமே அவரை நடிகராக நிலைநிறுத்தியது. தில்லி உயர் நீதிமன்றம் 2009, சூலை 2 அன்று 377ஆம் பிரிவின் கடுமையைத் தளர்த்தித் தீர்ப்பளித்ததை அடுத்து, இப்பொருளை மையமாகக் கொண்டு வெளிவந்த முதல் படங்களுள் இதுவும் ஒன்று. ஜாத்ரா மேடையில் பெண் வேடம் புனைந்து புகழ்பெற்ற சபல் பாதுரியின் வாழ்வைப் பதிவு செய்யவரும் ஆவணப்பட இயக்குனராக ரிதுபர்ணோ இதில் நடித்தார். இளவயது சபலாகவும் அவரே தோன்றினார். முதிய சபல் தம்மைத் தாமே நடித்தார்.

பெண் வேடம் புனைந்த ஆண் நடிகர்களைத் தமிழ் நாடக மேடையும் போற்றியுள்ளது. ஔவையார் வேடத்தால் பெயர் பெற்ற தி. க. சண்முகத்தின் பெயரில் சென்னை இராயப்பேட்டையை ஒட்டி ஒரு சாலையே உண்டு. வேடம் மேடையோடு நின்றால் போற்றப்படுகிறது. ஒருவர் அதைத் தமது வாழ்வாகக் கொண்டால் நகைப்புக்குள்ளாகிறது. இம்முரண்பாடே அப்படத்தின் கருவாகும். அதே 2010இல் வெளிவந்த தமிழ்ப் படமான கோவாவில் ஓர் ஆண் இணை இடம்பெற்றிருந்தபோதும், அது பெரிதும் நகைச்சுவையாகவே கையாளப்பட்டது.

சஞ்சய் நாக் இயக்கிய மெமரீஸ் இன் மார்ச் படத்தின் திரைக்கதையை ரிதுபர்ணோவே எழுதினார். விபத்தில் இறந்த மகனின் பொருட்களைப் பெற்றுச்செல்லக் கொல்கத்தாவுக்கு வரும் தாய் (தீப்தி நவல்), அவனுடைய காதலன் ஓர் ஆண் என்பதை அறிகிறார். அக்காதலனாக ரிதுபர்ணோ மிகையின்றி நடித்திருப்பார். மூன்று படங்களுள் நடிப்பில் இதுவே சிறந்தது எனலாம். இப்படம் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

தாமே இயக்கி நடித்த சித்ராங்கதா (2012), இரவீந்திரநாத் தாகூரின் நாட்டிய நாடகத்தைத் தழுவியது. ஆண்மகனைப் போல் வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி அருச்சுனன் மீது காதல் கொள்ளும் கதை அது. தமிழர் இதனை அல்லி அரசாணியின் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தில் ரிதுபர்ணோ ஏற்ற பாத்திரம், காதலனுடன் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுப்பதற்காகப் பால்மாற்று அறுவை சிகிச்சையை நாடும் நடன இயக்குனர். இப்படத்துக்குத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

தொழில் மீதான தாக்கம்

விருதுகளை மட்டும் நோக்கினால், வெளிப்படையாக வாழ்ந்தமையால் ரிதுபர்ணோவுக்கு இழப்பு ஏதுமில்லை என்றே தோன்றும். தயாரிப்பாளர்களும் கைவிடவில்லை. ஆனால் நடிகராக இம்மூன்று படங்களிலும் அவர் ஏற்றவை, தன்பாலீர்ப்புடைய அல்லது பால் எல்லையைக் கடக்க விழையும் கலைத்துறையினரின் பாத்திரங்களே. பார்வையாளர் பாத்திரத்தையும் நடிகரையும் ஒன்றாகவே கண்டனர். அவர் படங்களைக் குடும்பத்துடன் கண்டுவந்தோர் பலர், இப்படங்களைக் காணத் தயங்கினர்.

ஆலிவுட்டில் நிலைமை இதனினும் கடுமையாக இருந்தது. 1930இல் வசூலில் முன்னணியில் இருந்த வில்லியம் ஹெய்ன்ஸ், தம் துணைவரைக் கைவிட மறுத்தமையால் எம்ஜிஎம் நிறுவனத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் வீட்டு உள்ளலங்காரத் தொழிலில் ஈடுபட்டார். ரிதுபர்ணோவுக்கு அந்நிலை வராமைக்குக் காரணம், அவர் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நடிகராக அன்றி, வாய்ப்பளிக்கும் இயக்குனராக ஏற்கனவே இருந்தமையே. அத்தகைய இடம் இல்லாத நடிகர்க்கு அவரது வாழ்க்கையைச் சான்றாகக் காட்டுவது கடினம்.

மறைவும் பின்னரும்

ரிதுபர்ணோ நீண்ட காலம் நீரிழிவு நோயாலும் கணைய அழற்சியாலும் பாதிக்கப்பட்டிருந்தார். பியோம்கேஷ் பக்சி துப்பறியும் சத்யான்வேஷி படத்தின் படப்பிடிப்பை முடித்த சில நாட்களில், 2013, மே 30 அன்று கொல்கத்தா இந்திராணி பூங்கா இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அகவை 49. உடல் நந்தன் வளாகத்தில் பொதுமக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, அரசு மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. எள்ளி நகையாடிய நகரமே அன்று திரண்டு வந்தது.

அதே ஆண்டு திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தீர்ப்பை நீக்கியது. 2018, செப்டம்பர் 6 அன்று மற்றொரு தீர்ப்பின் வாயிலாக, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என அறிவித்தது. ரிதுபர்ணோவுக்கு உரித்தாக்கிக் கவுசிக் கங்குலி எடுத்த நகர்கீர்த்தன் படத்தில் திருநங்கையாக நடித்த ரித்தி சென், 2018இல் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.