சுருக்கத்தின் தந்தை டேவிட் ஹஃப்மன்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அதுபோல, ஓர் எழுத்தும் குறையாமல் செய்தியின் அளவை மட்டும் குறைக்க வழி கண்டவர் டேவிட் ஹஃப்மன். அதைக் கண்டபோது அவர் பேராசிரியர் அல்லர். தேர்விலிருந்து தப்ப நினைத்த ஒரு மாணவர்!

1925 ஆகஸ்டு 9ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த ஹஃப்மன், 18 வயதிலேயே மின்பொறியியலில் பட்டம் பெற்றார். கடற்படையில் ராடார் பராமரிப்பு அதிகாரியாகப் பணியாற்றிய பின், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

1951ஆம் ஆண்டு. பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தம் மாணவர்களுக்கு இரு வழிகளைக் காட்டினார். இறுதித் தேர்வு எழுதலாம். அல்லது எழுத்துகளை 0, 1 என்னும் இரு குறிகளால் மிகச் சுருக்கமாகக் குறிக்கும் முறையைக் கண்டு கட்டுரை அளிக்கலாம். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தார். தாமும், தகவலியல் மேதை ஷானனும் முயன்றும் முழு விடை காணாத கணக்கு அது என்பதை ஃபானோ சொல்லவில்லை!

மாதங்கள் கழிந்தன, விடை கிட்டவில்லை. மனம் சோர்ந்து, தேர்வுக்கே படிக்கலாம் என்று குறிப்புகளை எறிந்த வேளையில் விடை மின்னலெனத் தோன்றியது. மற்றவர்கள் மேலிருந்து பிரித்தார்கள். இவர் கீழிருந்து சேர்த்தார். மிகக் குறைவாக வரும் இரண்டு எழுத்துகளை ஒன்றாக இணைக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு மரம் உருவாகும். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி. ஓர் எழுத்து 4 முறையும், ஒன்று 2 முறையும், வேறிரண்டு ஒவ்வொரு முறையும் வரும் செய்தியைச் சமக் குறிகளால் எழுத 16 இடங்கள் வேண்டும். இவர் முறையில் 14 போதும். 1952இல் கட்டுரை அச்சேறியது. இம்முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

1967இல் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம் சென்று, அங்குக் கணிப்பொறித் துறையை வளர்த்தார். தாளை மடித்து அரிய வடிவங்கள் செய்வதும் அவர் கலை. 1999 அக்டோபர் 7ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார்.

ஆனால் அவர் நட்ட மரம் பட்டுப்போகவில்லை. 1992இல் வந்த ஜிசிப், 1995இல் வந்த இசட்லிப் ஆகிய சுருக்கு மென்பொருள்களுக்குள் அது இருக்கிறது. லினக்ஸ் மென்பொருள் தொகுப்புகளில் எண்ணற்ற நிரல்கள் இசட்லிப்பை நம்பி நிற்கின்றன. அதிலிருந்த ஒரு பிழைக்கு 2018இலேயே திருத்தம் எழுதப்பட்டும், அது புதிய பதிப்பாக வெளிவந்தது 2022 மார்ச்சில்தான். உடனே தொகுப்புகளைப் பேணுவோர் அனைவரும் பழையதை மாற்ற வேண்டியதாயிற்று. நட்டவர் ஒருவர், நீர் ஊற்றுவோர் பலர்.

தோழர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்தக் கேள்விக்கும் விடை புத்தகத்தில் இருக்கும், அதை மனப்பாடம் செய்தால் போதும் என்றே எண்ணியிருந்தேன். விடையே எழுதப்படாத கேள்வியும் ஒரு மாணவனின் கைக்கு எட்டும் என்று ஹஃப்மனின் வாழ்க்கை எனக்குச் சொன்னது. இனி ஒரு கணக்கு வராவிட்டால், என்னால் முடியாது என்று ஏட்டை மூடுமுன், அதைக் கீழிருந்து ஒருமுறை தொடங்கிப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்!